நாற்காலிக்கும் குச்சி

வலது கை தோளுக்கு மேலே போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. எத்திராஜ் சட்டையின் இடது கையை மட்டும் மாட்டிக்கொண்டு, மற்றதைத் தேடி அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினான். சட்டையும் கூடவே சுற்றியது. முந்தின நாள் இறக்கிய சிமென்ட் லாரி இன்னும் கிளம்பாமல் அவன் தோள்மேலேயே நிற்கிற மாதிரி இருந்தது.

அடுப்பண்டை இருந்த அன்னம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கையைத் தூக்குய்யா."

"தூக்க முடிஞ்சா நான் ஏன்மே பம்பரமாட்டம் சுத்தறேன்?"

அவள் சட்டையைப் பின்பக்கமாக இழுத்து, குழந்தைக்கு மாட்டுவதுபோல் கையை உள்ளே நுழைத்துவிட்டாள். அவன் பல்லைக் கடித்தான்.

"மேஸ்திரி ஆனதும் சட்டை போட்டுவிடத் தனி ஆள் வெச்சுக்கோ."

"அதான் நீ இருக்கியே."

"எனக்குத்தான் ஓட்டு இல்லையே. ஓட்டு இருக்கறவனுக்கெல்லாம் வாக்குக் குடுத்துட்டே. எனக்கு இன்னா குடுப்பே?"

எத்திராஜ் சிரித்தான். தோள் வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

கலாசிபாளையத்தில் ஒரு லாரி ஷெட். அங்கே சரக்கு ஏற்றி இறக்குகிறவன் எத்திராஜ். பெங்களூரில் அந்த வேலைக்காரனை ஹமாலி என்பார்கள். இருபது வருஷமாக அரிசி, சிமென்ட், கண்ணாடி, மிளகாய் என்று ஊருக்கு வந்ததெல்லாம் அவன் தோள் வழியாகத்தான் இறங்கியது. ஆஸ்பத்திரி டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுமையை நீ விடு, இல்லைன்னா தோள் உன்னை விட்டுடும்" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். மாத்திரை எதற்கும் ஆகவில்லை. அவனுக்கு மருந்து ஒன்றே ஒன்றுதான். ஷெட்டு வாசலில், புக்கிங் ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டிருந்த மரநாற்காலி. மேஸ்திரி உட்காருகிற நாற்காலி. அதில் உட்கார்ந்தவன் மூட்டை தூக்க வேண்டாம். எந்த லாரிக்கு யார் என்று சொன்னால் போதும்.

அந்த நாற்காலியில் ஆறு வருஷமாக இளங்கோவன் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பூசணிக்காய் உடைத்த கையோடு ஹமாலிகள் கை தூக்கி மேஸ்திரியைத் தேர்ந்தெடுப்பார்கள். பூஜைக்கு முதல் நாள் இளங்கோவன் பிரியாணி போடுவான். வாயும் அவனுக்குத் தேன். ஆறு வருஷத்தில் நாற்காலிக்கு ஒரு கை உடைந்துபோயிருந்தது. இளங்கோவனுக்குத் தொப்பை போட்டிருந்தது.

இந்த வருஷம் எத்திராஜ் விடுவதாக இல்லை. ஒவ்வொருத்தனாகத் தனியே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், "நான் மேஸ்திரி ஆனா உனக்கு மிளகாய் கிடையாது" என்று சொல்லி வைத்திருந்தான். மிளகாய் மூட்டை தூக்கினவனுக்குத் தெரியும் அந்த வாக்கின் விலை. வியர்வையும் மிளகாய்த் தூளும் கழுத்தில் சேர்ந்தால் அன்றைக்கு முழுக்க உடம்பு நெருப்புதான். ஷெட்டில் பாதிப்பேருக்குமேல் அந்த வாக்கு போய்ச் சேர்ந்துவிட்டது. எல்லோருக்கும் மிளகாய் கிடையாதென்றால் மிளகாயை யார் இறக்குவது? அதை ஜெயித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தான் எத்திராஜ். டெல்லியில் ஒரே ஓட்டில் ஆட்சி கவிழ்ந்த வருஷம் அது. சட்டசபைக்கும் பார்லிமென்டுக்கும் சேர்த்து ஓட்டுப் போட்ட மை இன்னும் எல்லோர் நகத்திலும் இருந்தது. ஊரே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தபோது எத்திராஜ் மட்டும் எப்படி வேறுமாதிரி நடப்பான்?

அன்றைக்கு வீடு மாற்றுகிற வேலை ஒன்று வந்தது. "அல்சூர்லேர்ந்து விவேக் நகருக்கு. டீச்சரம்மா ஒருத்தங்க, ஒண்டி ஆளு. லேசான சாமான்" என்று சொல்லி எத்திராஜையும் டென்சிலையும் ஷங்கரையும் டெம்போவில் ஏற்றி அனுப்பினான் இளங்கோவன்.

போய்ப் பார்த்தால் கட்டில் ஒன்று, பீரோ ஒன்று. மீதி எல்லாம் புத்தகம்.

புத்தகப் பெட்டியைப் பற்றி ஹமாலிகளிடம் கேட்க வேண்டும். பார்வைக்கு பிஸ்கட் டப்பா மாதிரி இருக்கும். தூக்கினால் கருங்கல். நோரா என்கிற அந்த டீச்சர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தானும் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தாள். நாற்பது வயசு இருக்கும். மூக்கு நுனியில் தூசு.

"இது எல்லாத்தையும் படிச்சிட்டீங்களா மேடம்?" என்று மாடிப்படியில் மூச்சு வாங்கியபடி கேட்டான் ஷங்கர். ஷெட்டிலேயே சின்னவன், வாய்தான் பெரிசு.

"பாதி படிச்சேன். மீதி படிச்சதாச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"என்ன பாடம்?"

"அரசியல். காலேஜ்ல சொல்லிக் குடுக்கறேன்."

"எந்தக் கட்சி?"

"கட்சி இல்லப்பா. கிரேக்க தேசம். ஏதென்ஸ்னு ஒரு ஊரு. ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின கதை."

"அவ்ளோ பழைய அரசியலா? அதான் இந்த வெயிட்டு!"

சொல்லி வாய் மூடவில்லை, டென்சில் தூக்கிவந்த பெட்டியின் அடி பிய்ந்து புத்தகங்கள் படி வழியே சரிந்தன. டென்சில் அப்படியே நின்றான். எந்த வேலையிலும் மோசமான பெட்டி அவனிடம்தான் வரும். உயரமான ஆள், பேச்சு குறைவு. விவேக் நகர் கோயில் தெருவில் பிறந்து வளர்ந்தவன், எத்திராஜ் சேர்ந்த வருஷமே ஷெட்டுக்கு வந்தவன். ஷெட்டில் அவனுக்கு, "அதிர்ஷ்டம் லீவுல போன ஆளு" என்று பெயர்.

"விடுங்க, எல்லாரும் டீ குடிக்கலாம்" என்றாள் நோரா.

புது வீட்டில் அவிழ்க்காத மூட்டைகளின்மேல் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஷங்கரின் நகத்து மையை அவள் பார்த்தாள்.

"ஓட்டுப் போட்டாச்சா?"

"ரெண்டு போட்டாச்சு மேடம். நாளன்னிக்கு இன்னொண்ணு இருக்கு. எங்க ஷெட்டு மேஸ்திரிக்கு. இதோ, நம்ம எத்திராஜண்ணாதான் கேண்டிடேட்டு."

எத்திராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஜெயிப்பீங்களா?"

"கையெல்லாம் எண்ணியாச்சு மேடம்."

"எப்படிப் பிடிச்சீங்க?"

எத்திராஜ் வாயைத் திறப்பதற்குள் ஷங்கர், "எனக்கு மிளகாய் மூட்டை கிடையாதுன்னு சொல்லியிருக்காரு" என்றான்.

டென்சில் டீ கிளாஸை இறக்கினான். "எனக்கும் அதானே சொன்னே?"

ஷங்கர் அவனைப் பார்த்தான். இரண்டு பேரும் சேர்ந்து எத்திராஜைப் பார்த்தார்கள். நோராவுக்குச் சிரிப்பில் டீ புரையேறியது.

"அப்ப மிளகாயை யாருங்க தூக்கறது?"

"அது... ஜெயிச்ச அப்புறம் பேசிக்கலாம்னு..."

"நீங்க டெல்லிக்கே போயிருக்கலாம்."

எத்திராஜும் சிரித்துவிட்டான். வேறு வழி?

"இதுக்குப் பயந்துதான் அந்த ஊர்ல ஓட்டே வேணாம்னாங்க" என்றாள் நோரா. "ராணுவத் தளபதி மாதிரி சில வேலைக்குத்தான் ஓட்டு. மத்த அதிகாரியெல்லாம் குலுக்கல்ல. ஓட்டுன்னு வெச்சா பணம் இருக்கறவனும் வாய் இருக்கறவனும்தான் வருவான், அது நாலு பேர் ஆட்சி. குலுக்கிப் போட்டாத்தான் ஜனங்க ஆட்சி. இப்படித்தான் அங்க பேசிக்கிட்டாங்க. நாம ஓட்டைத்தான் ஜனநாயகம்னு சொல்றோம். அவங்க கேட்டா சிரிப்பாங்க."

"யாரு பேரு வேணா வருமா?" என்றான் ஷங்கர்.

"வரும். ஒரு வருஷம்தான். இறங்கறப்ப எல்லார் முன்னாடியும் நின்னு, என்ன செஞ்சேன்னு பதில் சொல்லணும். ஒருத்தன் மாத்தி ஒருத்தன் உக்காரணும். இன்னிக்கு உத்தரவு போடறவன் நாளைக்கு உத்தரவு கேக்கணும்."

டென்சில் மெதுவாக, "நாங்களும் குச்சி எடுப்போம் மேடம்" என்றான்.

"என்ன குச்சி?"

அவன் சொன்னான். மோசமான சரக்கு வந்தால், மேஸ்திரி விளக்குமாற்றுக் குச்சிகளைக் கைப்பிடிக்குள் வைத்துக்கொண்டு நிற்பான். மேலே எல்லாம் ஒரே உயரமாகத் தெரியும். உள்ளே ஒன்று மட்டும் குட்டை. அவன் வரிசையில் நிறுத்தினவர்கள் ஆளுக்கு ஒன்று உருவ வேண்டும். குட்டை வந்தவன் தூக்க வேண்டும். யாரும் யாரையும் நோகக் கூடாது.

"அட! அப்ப நாற்காலிக்கு?"

"நாற்காலிக்கு ஓட்டு."

"அதென்னங்க, கஷ்டம் வந்தா குச்சி, சுகம் வந்தா ஓட்டா?"

தெருவில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எத்திராஜுக்கு எண்ணி வைத்த கைகளெல்லாம் ஒவ்வொன்றாக இறங்குகிற மாதிரி இருந்தது.

"அங்க எல்லாருமே இதுக்குச் சரின்னாங்களா?" என்று அவசரமாகக் கேட்டான்.

நோரா நேர்மையான டீச்சர். "இல்ல. சாக்ரடீஸ்னு ஒருத்தர் கிண்டல் பண்ணாரு. கப்பல் ஓட்டறவனைக் குலுக்கிப் போட்டு எடுப்பீங்களான்னு கேட்டாரு."

"அது கேள்வி!" என்று தொடையைத் தட்டினான் எத்திராஜ்.

"விஷம் குடுத்தாங்களே, அவரா?" என்றான் ஷங்கர்.

"அவரேதான்."

டென்சில் தன் பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருந்தான். "மேடம், அந்த ஊர்ல மூட்டை தூக்கினவன் யாரு?"

"முக்கால்வாசி அடிமைங்க. அவங்களுக்குக் குலுக்கல்ல இடம் இல்ல. பொம்பளைங்களுக்கும் இல்ல."

"அப்ப நாங்க அங்க பொறந்திருந்தா?"

"மூட்டைதான் டென்சில். நானும் உங்க கூட வெளியதான் நின்னிருப்பேன்."

"சரிதான்" என்றான் டென்சில். கோபமில்லாமல்தான் சொன்னான். பிறகு எழுந்து, பிய்ந்த பெட்டிக்குக் கயிறு கட்டப் போனான்.

சாயங்காலம் டெம்போ ஷெட்டுக்குள் நுழைவதற்குள் ஷங்கர் குதித்து இறங்கிவிட்டான். எத்திராஜ் சும்மாட்டுத் துணியை உதறி மடிப்பதற்குள் விஷயம் ஷெட்டு முழுக்கப் பரவியிருந்தது. கஷ்டத்துக்குக் குச்சி, சுகத்துக்கு ஓட்டா? வாயெடுத்தவனெல்லாம் அதையே சொன்னான். மிளகாய் வாக்கு எத்தனை பேருக்குக் கொடுக்கப்பட்டது என்பதும் அதே நேரத்தில் வெளியே வந்தது. நல்லவேளையாக எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தன் மட்டும் சும்மாட்டை எடுத்து எத்திராஜ் முதுகில் அடித்தான், அதுவும் மெதுவாகத்தான்.

"யோசிச்சுப் பேசுங்கடா" என்றான் எத்திராஜ். "லாரி ஓட்டறவனைக் குச்சி எடுத்தா வெப்பீங்க? கண்ணு தெரியாதவன் பேர்ல வந்தா ஏறி உக்காருவீங்களா? விஷம் குடிச்ச மனுஷன் கேட்ட கேள்விடா இது!"

"மேஸ்திரி லாரியாண்ணா ஓட்டறாரு?" என்றான் ஷங்கர். "நாற்காலியத்தானே ஓட்டறாரு. இளங்கோண்ணா ஆறு வருஷமா ஓட்டலையா? அதுக்கு என்ன லைசென்ஸா வேணும்?"

ஷெட்டே குலுங்கியது. நாற்காலியில் இருந்த இளங்கோவனும் தொப்பை ஆடச் சிரித்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னான்.

"எனக்குக் குச்சி சம்மதம்."

"அண்ணே!"

"ஆமாடா. எத்திராஜு கை எண்ணினான்னா நான் எண்ணலைன்னு நெனச்சியா? இந்தத் தடவ நான் தோத்துடுவேன். கூடச் சாப்பிட்டவன் எனக்கு எதிரா கை தூக்கறத உக்காந்து பாக்கணும். அது மூஞ்சியில அடிச்ச மாதிரி. குச்சியில போனா யாரையும் நோக வேணாம் பாரு. பிரியாணி செலவும் மிச்சம்."

அப்புறம் என்ன, சட்டம் அங்கேயே எழுந்தது. குட்டை எடுத்தவன் மேஸ்திரி. பொங்கல் வரைக்கும். அப்புறம் மறுபடி குச்சி. இனி ஒருதரம் உட்கார்ந்தவன், எல்லோரும் உட்கார்ந்து முடிக்கிறவரைக்கும் வரிசையில் வரக்கூடாது. இறங்கும்போது கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். குச்சியை யார் பிடிப்பது என்று சண்டை வந்தது. ஷெட்டைச் சேராத ஆள்தான் பிடிக்க வேண்டும், அந்த டீச்சரம்மாவையே கூப்பிடுவோம் என்றான் ஷங்கர்.

வெளியே தலையை ஆட்டிக்கொண்டே உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்த எத்திராஜ், வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், கம்பியை இடது கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டு வரும்போது, திடீரென்று வாய்விட்டுச் சிரித்தான். பக்கத்தில் நின்ற ஆள், "ஏனு சுவாமி?" என்று கன்னடத்தில் என்னவென்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டான்.

குச்சியில் எத்திராஜை ஜெயிக்க எவன் இருக்கிறான்?

இருபது வருஷத்தில் அவனுக்கு மிளகாய்க் குச்சி வந்ததே அபூர்வம். அதிர்ஷ்டம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். விஷயம் விரலில் இருந்தது. உருவுவதற்கு முன் குச்சியின் தலையை ஆள்காட்டி விரலால் பட்டும் படாமலும் ஒரு தொடு. நீளக் குச்சி கைப்பிடி முழுக்க இறங்கியிருக்கும், விறைப்பாக நிற்கும். குட்டைக்குப் பிடி போதாது, லேசாக ஆடும். ஆடினால் அதை விட்டுப் பக்கத்துக் குச்சியை எடு. அவ்வளவுதான் வித்தை. இத்தனை நாள் ஆடுகிற குச்சியை விட்டவன், நாளன்றைக்கு ஒரே ஒருதரம் ஆடுகிற குச்சியை எடுத்தால் நாற்காலி அவனுக்கு.

வீட்டுக்கு வந்ததும் விளக்குமாற்றிலிருந்து குச்சிகளை உருவி அன்னம்மாள் கையில் கொடுத்தான்.

"பிடி இப்படி."

"சுண்ணாம்பு அடிக்கப் போறாப்பல பண்றே, இன்னாய்யா இது?"

சொன்னான். அவள் பிடித்தாள். அவன் தொட்டான், எடுத்தான், குட்டை. மறுபடி பிடித்தாள். மறுபடி குட்டை. எத்தனை தரம் மாற்றிப் பிடித்தாலும் குட்டைதான்.

"கண்ணு வெச்ச விரலுய்யா உனக்கு!"

"பாத்தியா? கிரேக்கத்துக்காரனுக்கே இது தெரியாது."

"அந்த ஊர்ல பொம்பளைக்கும் குச்சி உண்டா?"

"இல்லையாம்."

"அப்ப எதுக்கு அந்த ஊர தலையில தூக்கிவெச்சு ஆடறீங்க? ஷெட்ட சுத்தமா பெருக்கறது நானும் மூணு பொம்பளைங்களும். எங்களுக்கு ஏது குச்சி?"

"மொதல்ல நான் உக்காரறேன். அப்புறம் பேசலாம்" என்றான்.

"இதையேதான்யா மிளகாய்க்கும் சொன்னே" என்று விளக்குமாற்றை இறுக்கிக் கட்டினாள் அவள்.

ஆயுத பூஜை அன்றைக்கு ஷெட்டு மாப்பிள்ளை மாதிரி இருந்தது. லாரிகளுக்கு வாழைக்கன்று, சாமந்தி மாலை. மூட்டை இழுக்கிற கொக்கிகளையெல்லாம் கழுவிச் சந்தனம் வைத்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள். கடலைப் பொரி மலைபோலக் குவிந்து கிடந்தது. பூசணிக்காயை உடைத்தவன் ஷங்கர். சிவப்புக் குங்குமச் சதை இளங்கோவனின் புது வேட்டியில் தெறித்தது. நோரா ஆட்டோவிலிருந்து இறங்கி, கையில் பொரியை வாங்கிக்கொண்டு, எல்லா லாரிக்கும் ஒரு கும்பிடு போட்டாள். அவள் வேதக்காரி, ஏசு சாமி கும்பிடுகிறவள் என்று ஒருத்தன் முணுமுணுத்தான். "லாரிக்கு ஏதுடா மதம்?" என்றான் டென்சில்.

குச்சிகளை நறுக்கி அவள் கையில் கொடுத்தார்கள். சாக்பீஸ் பிடித்துப் பழகிய சின்னக் கை. பிடியும் சரியில்லை. எத்திராஜுக்கு மனசு துள்ளியது. குட்டை கண்டிப்பாக ஆடும்.

இளங்கோவன் முதலில் எடுத்தான். நீளம். "விட்டுது சனியன்!" என்று கத்தினான், நாற்காலியைப் பார்க்காமல். ஷங்கர் எடுத்தான், நீளம். ஒவ்வொருத்தனாக எடுத்துக்கொண்டே வந்தார்கள். கை குறையக் குறையச் சத்தமும் குறைந்தது. அன்னம்மாள் விளக்குமாற்றை மார்போடு அணைத்துக்கொண்டு தூணோரம் நின்றாள். எத்திராஜ் முறை வந்தபோது நோராவின் பிடியில் மீதி மூன்று குச்சிகள். பின்னால் டென்சிலும் இன்னொருத்தனும்.

தோள் விண்ணென்று தெறித்தது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு விரலை நீட்டினான். முதல் குச்சியைத் தொட்டான்.

ஆடியது. நன்றாகவே ஆடியது.

அடுத்து நடந்ததை எத்திராஜ் செய்தான் என்று சொல்லக் கூடாது. அவன் கை செய்தது. கொதிக்கிற பாத்திரத்தில் பட்ட விரல் என்ன செய்யும்? யாரையாவது கேட்டுக்கொண்டா விலகும்? இருபது வருஷத்து மிளகாய் முழுக்க ஒரே நொடியில் அந்த விரலுக்குள் ஏறியது. அது ஆடுகிற குச்சியை உதறிவிட்டுப் பக்கத்துக் குச்சியை வெடுக்கென்று உருவியது. உருவி முடித்த பிறகுதான் எத்திராஜுக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது.

கையில் நீளமாக, விறைப்பாக, அழகான ஒரு குச்சி.

"ஐயோ" என்றாள் தூணோரத்தில் அன்னம்மாள்.

டென்சில் வந்தான். அவன் தொட்டெல்லாம் பார்க்கிறவன் இல்லை. அருகில் நின்றதை எடுத்தான். குட்டை.

டென்சில் குட்டைக் குச்சியைப் பார்த்தான். எப்போதும்போல் ஒரு பெருமூச்சு விட்டான். சும்மாட்டுத் துணியை எடுத்து உதறி, மடித்து, தோளில் போட்டுக்கொண்டான்.

"எந்த லாரி?" என்றான்.

அப்படி ஒரு சிரிப்பை அந்த ஷெட்டு அதற்கு முன்பு கேட்டதில்லை. இளங்கோவன் பொரிக் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டான். டிரைவர்களும் கிளீனர்களும் ஓடிவந்து என்ன என்ன என்று கேட்டார்கள். சொல்ல வாய் வந்தவன் ஒருத்தனும் இல்லை. நோரா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எத்திராஜ் போன நாற்காலியை நினைத்து ஒரு நிமிஷம் கல்லாக நின்றான். பிறகு "எந்த லாரி" என்பது அவன் காதுக்குள் மறுபடி ஒலித்தது. சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பி, வலிக்கிற தோளைக் குலுக்கிக்கொண்டு, வெளியே வந்தது. வலித்தது. சிரித்தான். இன்னும் வலித்தது, இன்னும் சிரித்தான்.

"டேய், லாரி இல்லடா. நாற்காலி!" என்று டென்சிலின் தோளிலிருந்து சும்மாட்டைப் பிடுங்கினான் ஷங்கர்.

"எனக்கு எதுக்கு?" என்றான் டென்சில் பயந்துபோய்.

"குட்டை வந்தா நோகக் கூடாது, எடுத்தவன் உக்காரணும், அதான் சட்டம்" என்று இளங்கோவனே கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்காரவைத்தான். டென்சில் நாற்காலியின் நுனியில், அது சூடாக இருக்கிற மாதிரி, உட்கார்ந்தான். உடைந்த கைப்பக்கம் சாய்ந்து கீழே விழப்பார்த்தான். கை தட்டினார்கள்.

நோரா கிளம்பும்போது எத்திராஜிடம், "சாக்ரடீஸ் பக்கம் பேசினீங்களாமே?" என்றாள்.

"என் தோளு பேசிச்சு மேடம்."

"அவருக்கும் இப்படி ஏதாவது இருந்திருக்கும்" என்று சிரித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினாள்.

பூஜை லீவு முடிந்து ஷெட்டு திறந்த முதல் நாளே பேடகி மிளகாய் வந்து நின்றது. லாரியின் தார்ப்பாயை அவிழ்த்ததுமே கண் எரிந்தது. ஹமாலிகள் தும்மிக்கொண்டே வரிசையில் நின்றார்கள். டென்சில் நாற்காலியிலிருந்து எழுந்து, குச்சிகளை நறுக்கிக் கைப்பிடிக்குள் வைத்துக்கொண்டு வந்தான். இளங்கோவன் ஆறு வருஷத்துக்குப் பிறகு வரிசையில் நின்றான், வேட்டியை மடித்துக் கட்டி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நெளிந்துகொண்டு.

எத்திராஜ் விரலை நீட்டினான்.

"தொட்டுப் பாக்காதேண்ணா" என்றான் டென்சில், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில். "எடு."

எத்திராஜின் விரல் காற்றிலேயே நின்றது. "உனக்குத் தெரியுமாடா?"

"மொத வருஷமே தெரியும்."

"தெரிஞ்சுமா இத்தினி நாள் சும்மா இருந்தே?"

"நானும் தொட்டுப் பாத்தேன்ணா. எனக்கு வரலை." டென்சில் இன்னொரு கையை விரித்துக் காட்டினான். விரல் நுனியெல்லாம் காய்த்துப் பாறையாகக் கிடந்தது. "இதுல ஒண்ணும் தெரியாது. மூட்டைத் தழும்பு. மொதல்ல ரெண்டு மூணு தடவ குட்டை வந்துச்சு, விரலு காய்ச்சுப் போச்சு. காய்ச்சுப் போனதால அப்புறம் நீ விட்டதெல்லாம் தெனமும் எனக்கே வந்துச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எத்திராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தொடாமல், ஒரு குச்சியை உருவினான்.

குட்டை.

"வந்துச்சுடா எத்திராஜுக்கு!" என்று ஷங்கர் ஊளையிட்டான். வரிசையே குதித்தது. எத்திராஜ் சும்மாட்டைத் தோளில் போடப்போனான். வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. துணி நழுவிக் கீழே விழுந்தது.

டென்சில் குனிந்து அதை எடுத்தான்.

"நீ போய் நாற்காலியில உக்காந்து கிழிஞ்ச சாக்கைத் தை. மேஸ்திரி சொல்றேன்."

"குட்டை என்னுதுடா. சட்டம்னு ஒண்ணு இருக்கு."

"சட்டப்படி பொங்கலுக்கு இறங்கறப்ப கேள்வி கேளு, பதில் சொல்றேன். இப்பப் போ."

எத்திராஜ் போய் உட்கார்ந்தான். ஆசைப்பட்ட நாற்காலிதான். முதுகுக்கு நன்றாகத்தான் இருந்தது. சாக்கையும் கோணி ஊசியையும் மடியில் வைத்துக்கொண்டான். டென்சில் பலகை வழியாக மிளகாய் மூட்டையோடு இறங்கி வந்தான், தும்மினான், மறுபடி ஏறினான். பெருக்க வந்த அன்னம்மாள், புருஷன் நாற்காலியில் இருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

"யோவ், ஜெயிச்சிட்டியா இன்னா?"

"இல்லமே."

"அப்புறம் ஏன் அங்க உக்காந்திருக்கே?"

எத்திராஜ் ஊசியில் சணல் கோத்தான். நல்ல வெயில். லாரிமேலிருந்து இளங்கோவன் யாரையோ கேலி பண்ணிக்கொண்டிருந்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டும் தும்மிக்கொண்டும் இருந்தார்கள். தை பிறந்தால் மறுபடி குச்சி. அன்னம்மாளும் அந்த மூன்று பெண்களும் வரிசையில் நிற்பார்களா என்று அதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். அதெல்லாம் நடக்கலாம். தோளும் கொஞ்சம் தேறலாம். ஆனால் தொட்டுத் தொட்டு அவன் தள்ளிவிட்ட குட்டைக் குச்சிகளெல்லாம் எங்கே போயின என்று இப்போது அவனுக்குத் தெரியும். இருபது வருஷத்து மிளகாய்ச் சுமையும், அன்றைக்கு இறங்கிக்கொண்டிருந்த இந்த லாரியும் எத்திராஜ் டென்சிலுக்குப் பட்ட கடன். அதில் ஒரு மூட்டைகூட அவன் இன்னும் தூக்கித் தரவில்லை.